ஈரச் சீலையில் வந்த தடி

இந்த நினைவு மலரைத் தொகுக்கும் பிள்ளைகள் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது, எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது என்றுதான் முதலில் சொன்னேன். பொறுமையின் சிகரம், சாந்தத்தின் வடிவம் என்று எழுதினால் அக்காவே எழும்பி வந்து சிரிப்பார். அவரிடம் பொறுமையும் இருக்கவில்லை, சாந்தமும் இருக்கவில்லை. சோறு தின்னும்போதுகூட இடையில் எழும்பிப்போய் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்நாள் முழுக்கக் கிடந்தவள் நான். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது அளவெட்டியில். நானும் அங்கேதான் பிறந்தேன், ஆனால் எனக்கு அந்த வீட்டின் ஞாபகம் ஒன்றும் இல்லை. அப்பா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தபடியால் குவாட்டர்ஸ் குவாட்டர்ஸாக மாறி மாறி வளர்ந்தோம். கடைசியில் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்வீட்டில் வந்து தங்கினோம். கீழ்வீட்டில் வீட்டுக்கார நோனா, சிங்கள அம்மா ஒருவர், இருந்தார். கலவரத்தின்போது எங்கள் நால்வரையும் தன் படுக்கையறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த மனுசி அவர். அம்மாவும் அதன்பின் அப்பாவும் போன பிறகு, கோட்டையில் கப்பல் கம்பனி ஒன்றில் அக்கா பார்த்த வேலைதான் வீட்டை நடத்தியது. என்னைப் படிப்பித்து வங்கி வேலைக்கு அனுப்பியதும் அவர்தான். கல்யாணப் பேச்சுகள் வராமல் இல்லை. என்ன சொல்கிறாய் என்று யாரும் கேட்டால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கிப் போய்விடுவார்.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்த ஆண்டுகளில்தான் அக்காவைக் கொழும்புத் தமிழர் பலருக்குத் தெரியவந்தது. அங்கிருந்து வருகிறவர்கள் கப்பலேறித் திருகோணமலையில் இறங்கி, பிறகு பஸ் பிடித்து வர வேண்டும். அப்படி ஒருவர் வெளிக்கிட்டால் ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் கொழும்பில் இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குச் சாமான் கொடுத்துவிடுவார்கள். பனங்கிழங்கு காயவைத்த புழுக்கொடியல், பனம்பழப் பினாட்டு, மிளகாய்த்தூள், சரக்குத்தூள் எல்லாம் துணிப்பையில் தைத்து, மேலே பேனையால் பெயர் எழுதி வரும். கொண்டுவருகிறவர் கொழும்பில் வீடு வீடாக அலைய முடியுமா? பொலிஸ் பதிவு இல்லாமல் தெருவில் நிற்கவே பயம். கப்பல் எப்போது வரும் என்று விசாரிக்க எல்லோரும் அக்காவிடம் வருவார்கள் என்பதால், யாரோ ஒருவர் எங்கள் வீட்டில் இரண்டு பையை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், எங்கள் முன்னறை பொதி வீடாகிப் போனது.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உரிமை கோராத பொதிகளைத் தொடாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதி ஒட்டியிருந்த காலம். எங்கள் வீட்டிலோ கால் வைக்க இடமில்லாமல் வடக்கிலிருந்து வந்த பொதிகள். சோதனைக்கு வந்தால் என்ன சொல்வாய் என்று கத்துவேன். ஒடியல் என்று சொல்வேன் என்பார் அக்கா. ஒரு கிழமைக்குள் யாரும் வந்து எடுக்காவிட்டால் தானே தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். வத்தளைக்கும் போவார், மாளிகாவத்தை மாடிவீடுகளுக்கும் போவார். தாய் அனுப்பியது பிள்ளையிடம் போய்ச் சேரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு பொதிகூட அவர் கையில் தவறியதில்லை. அந்தத் தடி வரும்வரை.

தடியைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம். லண்டனில் இருக்கும் மகனிடம் போவதற்காகக் கொழும்புக்கு வந்திருந்தார். அவர் இறக்கிய பைகளுக்குள் பழைய நூல்சீலையில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய ஒரு பொதி இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் ஒரு முழ நீளத்தில் சாம்பல் நிறத் தடி ஒன்று. வேறொன்றும் இல்லை. சீலையில் பெயர் எழுதியிருந்தது உண்மை, ஆனால் அது நீலக் கறையாக ஊறிப் பரவிக் கிடந்தது. துறைமுக வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் ஓடிவந்து கையில் திணித்தாராம், காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகும்படி சொன்னாராம். மாஸ்டர் சொன்ன சொல் தவறாத மனிதர். கப்பலிலும், திருகோணமலை முகாமிலும், பஸ்ஸிலும் தான் குடிக்கும் தண்ணீரில் மிச்சம் பிடித்துத் தெளித்துத் தெளித்தே கொண்டுவந்திருக்கிறார். தடி பிழைத்தது, பெயர் அழிந்துபோனது. மாஸ்டர் தலையில் கை வைத்தபடி இருந்தார். பெண்ணின் முகமும் ஞாபகமில்லை, ஊரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அவர் விமானம் ஏறிவிட்டார்.

மற்றப் பைகளை எல்லோரும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தடியை ஒருவரும் கேட்கவில்லை. கண்டறியாத தடி, எறிந்துவிட்டு வா என்றேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்தார்.

“ஆரோ ஒரு தாய் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறா. ஆரோ ஒரு பிள்ளை பாத்துக்கொண்டிருக்கு. எறியிறதுக்கு இது என்ன உன்ரை சாமானோ?”

அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் வீட்டுக் கூத்து. மேல்வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? கடற்கரை மணல் உப்பு. நோனாவின் முற்றம் முழுக்கச் சீமெந்து. அக்கா வேலை முடிந்து வரும்போது, கம்பனித் தோட்டத்தில் நல்ல மண்ணாகப் பார்த்து அள்ளித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். காலி வீதிச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரப் பெண் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தாளாம். பிறகு தன்னோடு நின்றவளையும் கூப்பிட்டுக் காட்டினாளாம். கொழும்பில் மண் கடத்திக்கொண்டு போன ஒரே தமிழச்சி என் அக்காதான். பால்மாத் தகரம் ஒன்றுக்கு அடியில் ஆணியால் துளை போட்டு, அந்த மண்ணில் தடியை நட்டு, பல்கனி மூலையில் நிழலாக வைத்தார்.

எந்த மரத்துத் தடி என்று தெரிந்தால் எதற்கு அனுப்பினது என்று தெரியும், எதற்கென்று தெரிந்தால் யாருக்கு என்று தெரியும். இதுதான் அக்காவின் கணக்கு. நாங்கள் இருவரும் குவாட்டர்ஸில் வளர்ந்தவர்கள், எங்களுக்கு மரஞ்செடி தெரியாது. ஆகவே வீட்டுக்கு வருகிற எல்லோரையும் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரவெட்டியால் வந்தவர் அது தங்கள் வேலிக் கிளுவை என்றார். சுன்னாகத்து அம்மா ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்கள் கிணற்றடி மாதுளை என்று சத்தியம் செய்தார். தீவுப்பகுதியில் இருந்து வந்தவர், தன் தாய் வைத்த அடுக்குச் செவ்வரத்தை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். இலையும் இல்லை, பூவும் இல்லை, மொட்டைத் தடி. அதில் எல்லோருக்கும் அவரவர் வீட்டு வளவே தெரிந்தது. தெரியாது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அக்காவோ ஒவ்வொரு பெயரையும் நம்பி, ஒவ்வொரு ஊர்க்காரரையும் தேடி விசாரித்துத் திரிந்தார்.

தடி அசையவில்லை. காலையில் எழும்பியதும் அக்கா முகம் கழுவமுன் அதைத்தான் போய்ப் பார்ப்பார். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். இப்படிச் சுரண்டினால் உயிருள்ள மரமும் செத்துப்போகும் என்று நான் பேசுவேன். இடையில் நகரத்தில் குண்டு வெடித்து, சுற்றிவளைப்புகள் கூடி, வீட்டுக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. பொதிகளும் வரவில்லை. அந்த நாட்களில்தான் தடியில் ஊசி முனை அளவில் ஒரு முளை வந்தது. பிறகு இலை விரிந்தது. முதலில் மூன்று விரல் விரித்தாற்போல, அடுத்தடுத்து வந்தவை ஐந்து விரல் விரித்தாற்போல. அதைப் பார்த்துப் பெயர் சொல்ல அப்போது ஒருவரும் வரவில்லை.

பொலிஸ்தான் வந்தது. ஒருநாள் விடியவே ஒழுங்கையை மறித்து வீடு வீடாகச் சோதித்தார்கள். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், அலுமாரியைக் கிளறினார்கள். எல்லாம் முடிந்து இறங்கப்போன நேரத்தில் ஓர் இளம் பொலிஸ்காரர் பல்கனியை எட்டிப் பார்த்தார். தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சார்ஜனிடம் காட்டினார். கஞ்சா என்றார். அந்த ஐந்து விரல் இலை உண்மையில் அப்படித்தான் இருந்தது. தடியின் பெயரைக் கேட்டார்கள், தெரியாது. யார் தந்தது என்று கேட்டார்கள், தெரியாது. யாருக்கு என்று கேட்டார்கள், அதுவும் தெரியாது. வடக்கிலிருந்து வந்தது என்று மட்டும் அக்கா தன் வாயாலேயே சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு நோனா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். சார்ஜனின் கையில் இருந்த தகரத்தில் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, மணந்து பார்த்தார். பிறகு அதை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டி, இது நிக என்று சிங்களப் பெயரைச் சொன்னார். நாரிப்பிடிப்புக்கும் முழங்கால் நோவுக்கும் அவித்துக் குளிக்கிற இலை, களனி ஆற்றங்கரை முழுக்க நிற்கிறது, உன் அம்மாவிடம் போய்க் கேள் என்று சிங்களத்தில் ஒரு பிடி பிடித்தார். சார்ஜனும் மணந்து பார்த்தார். அவருடைய முகம் மாறியது. தகரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

உயிர் தப்பியது என்று நான் நாற்காலியில் விழுந்தேன். அக்கா அந்தக் கசங்கிய இலையை மூக்கில் வைத்தபடி நின்றார்.

“நீ பிறந்த நேரம் அம்மாவின்ரை அறை இப்பிடித்தானடி மணந்தது,” என்றார். “இது நொச்சி. பிள்ளை பெத்த உடம்புக்கு அவிச்சு வாக்கிறது. ஆரோ ஒருத்தி பிள்ளைப்பெறுவுக்கு இருக்கிறாள்.”

முழங்கால் நோவுக்கும் இருக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். முழங்காலுக்கு என்றால் எண்ணெய் அனுப்புவார்கள், உயிருள்ள தடியை அனுப்ப மாட்டார்கள் என்றார். கொழும்பில் நொச்சி முளைக்காது என்று எண்ணிய ஒரு தாய், தன் மகளுக்கு யார் தண்ணீர் வார்ப்பார்கள் என்று தவித்து அனுப்பியிருக்கிறாள் என்றார். தடி வந்தே மாதக்கணக்காகிவிட்டது. பிள்ளை பிறந்திருக்கும், இல்லையென்றால் இன்றோ நாளையோ பிறக்கும். கால்களில் தீ பட்டவர் போல அக்கா நடந்தார். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு வெளிக்கிட்டார்.

வெள்ளவத்தையில் மருந்துக்கடை, மருத்துவிச்சி, லொட்ஜ் ஒன்றும் மிச்சமில்லை. யாழ்ப்பாணத்துப் பெண், பிள்ளைப்பெறு, தாய் பக்கத்தில் இல்லை. இந்த மூன்றையும் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் கொட்டாஞ்சேனையில், மாதா கோவிலுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி விற்கும் அம்மா ஒருவர், அச்சகம் ஒன்றின் பின்னறையைக் கைகாட்டி விட்டார். அங்கே இருந்தவள்தான் வதனி. அச்சகத்தில் வேலை செய்த அவளுடைய கணவனைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிள்ளை பிறந்து சில நாட்கள்தான். நானும் அன்று அக்காவோடு போயிருந்தேன், தகரத்தை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனவள் நான்தான். கதவைத் தட்டினோம், திறக்கவில்லை. உள்ளே பிள்ளை சிணுங்கியது, அதுவும் யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

அக்கா கதவில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்.

“பிள்ளை, நாங்கள் பொலிஸ் இல்லை. உங்கட அம்மா கப்பலிலை ஒரு சாமான் குடுத்துவிட்டவ. அதைக் கொண்டு வந்திருக்கிறம்.”

அம்மா என்ற சொல்லுக்குக் கதவு திறந்தது. அந்தப் பெண் தகரத்தை வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். “அம்மா என்னை மறந்திட்டா எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு கிடந்தனான்,” என்றாள். அக்கா அழவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் அடுப்பு எங்கே, கிடாரம் எங்கே, தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டு நின்றார்.

தகரத்தில் நின்ற இலை ஒரு கைப்பிடிக்கும் காணாது. அதை வைத்து எலிக்குஞ்சைக்கூடக் குளிப்பாட்ட முடியாது என்று நான் சொன்னேன். நோனாவிடம் கேட்டதும், அடுத்த நாளே வத்தளையில் இருக்கும் தன் உறவினரிடம் சொல்லி ஒரு சாக்கு நிறைய நொச்சி இலை எடுப்பித்துத் தந்தார். கொழும்பில் முளைக்காது என்று ஒரு தாய் நினைத்த இலை, களனிப் பாலத்துக்கு அப்பால் காடாக நின்றிருக்கிறது. கிடாரம் கொதிக்கும்போது, தகரத்துச் செடியிலிருந்து ஓர் இலையை மட்டும் கிள்ளி மேலே போட்டார் அக்கா. பிள்ளையை நான் வைத்திருந்தேன். பிள்ளைப்பெற்ற துடக்குக் கழியும்வரை வேலைக்குப் போகமுன் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் கந்தோருக்குப் போனார். பிறகு வதனியையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தடுப்பு முகாம்களுக்கும், நீதிமன்றத்துக்கும், சட்டத்தரணிகளிடமும் வதனியோடு அலைந்தவர் அக்காதான். பிள்ளை நடை பழகிய பிறகுதான் தகப்பன் விடுதலையாகி வந்தார். மெலிந்து, பேசாமல், ஆனால் வந்தார்.

வதனியோடு திரும்பி வந்த நொச்சி, நோனாவின் மதிலோரம் சீமெந்தை உடைத்து நடப்பட்டது. நீல ஊதாவாகப் பூத்தது. பொதி வீட்டில் தவறிய சாமான் இல்லை என்று அக்கா பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வதனி தாய்க்கு எழுதிய கடிதங்கள் பாதி போய்ச் சேரவில்லை. தொலைபேசியில் கதைக்கக் கிடைத்த நிமிடங்கள் அழுவதற்கே போதவில்லை.

பாதை திறந்ததும் எல்லோரும் வான் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். வதனியின் தாய் வாசலிலேயே பேரனைத் தூக்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து ஆறுதலாக இருக்கும்போது அக்கா தடியின் கதையை முழுவதுமாகச் சொன்னார், கைப்பையில் மண் கொண்டுவந்தது உட்பட. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“தடியோ? நான் தடி ஒண்டும் அனுப்பேல்லையே. இவள் பிள்ளைத்தாய்ச்சி எண்டே எனக்குத் தெரியாது. பேரன் பிறந்து கனநாளைக்குப் பிறகெல்லோ சேதி வந்தது.”

வதனி முதலில் சிரித்தாள், பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அப்போதும் தாயின் கையை விடவில்லை. அக்கா எழும்பி வெளியே போய் வேலியோரம் நடந்துகொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், வவுனியாவில் தேத்தண்ணீருக்கு வானை நிறுத்தியபோது என் பக்கம் திரும்பி, “அப்ப அந்தத் தடி ஆரின்ரை?” என்றார்.

அந்தக் கேள்வி அக்காவைக் கடைசிவரை விடவில்லை. அதன்பிறகு அவர் போன கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும், புதிதாக ஒரு பெண்ணைக் கண்டால், எந்த ஊர், அந்த ஆண்டுகளில் கொழும்பில் இருந்தீர்களா, அப்போது பிள்ளை கிடைத்ததா என்று விசாரணை தொடங்கிவிடும். சிலர் கோபித்துக்கொண்டார்கள். இங்கே இதை வாசிப்பவர்களில் சிலருக்கு அது இப்போதுதான் விளங்கும். லண்டனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாம் என்றால் மாஸ்டரும் காலமாகிவிட்டிருந்தார். உன் பிழையான விலாசத்தால் உனக்கு ஒரு மகளும் பேரனும் கிடைத்திருக்கிறார்கள், இனியாவது பேசாமல் இரு என்று நான் சொல்லுவேன். அது சரி, ஆனால் மற்றவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்.

நோனா காலமாகி, அந்த வீடு இடிபட்டு மாடிவீடாக எழும்பியபோது கல்கிசைக்கு மாறினோம். நொச்சியும் பதியனாக எங்களோடு வந்தது. கடைசி மாதங்களில் அக்காவுக்கு நடக்க முடியவில்லை. அவரைப் போன்ற ஒருவரைக் கட்டிலில் கிடத்தியது கடவுள் செய்த அநியாயம் என்றே நான் சொல்வேன். வைத்தியசாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வசனம் இது: “அந்தப் பிள்ளை இப்பவும் தாய் மறந்திட்டா எண்டுதானே இருக்கும்.”

அக்காவுக்குக் கொள்ளி வைத்தவன் வதனியின் மகன் செந்தூரன். அம்மம்மா என்று அழைத்து வளர்ந்தவன் சொந்தப் பேரனின் கடமையைக் குறைவில்லாமல் செய்தான். வதனியும் கணவரும் இரவு பகல் பாராமல் பராமரித்தார்கள். நோனாவின் மகள் சமைத்த உணவுதான் அக்கா ஆசையாகச் சாப்பிட்ட கடைசி உணவு. வைத்தியர்களுக்கும், தாதிமாருக்கும், தூர நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் அழைத்து அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலர் கனடாவுக்கும், லண்டனுக்கும், இன்னும் எங்கெங்கோ போகும் என்று தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். பாதை பூட்டியிருந்த அந்த ஆண்டுகளில் கொழும்பில் இருந்து பிள்ளை பெற்று, ஊரிலிருந்து ஒன்றும் வரவில்லையே என்று இருந்தவர் யாராவது இதை வாசிக்கிறீர்களா? அல்லது அப்படி இருந்தவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? முழங்கால் நோவுக்குக் காத்திருந்தவர் என்றாலும் பரவாயில்லை. எங்கள் விலாசம் பின்னட்டையில் இருக்கிறது. செடி வாசலில் நிற்கிறது, எத்தனை தடி வேண்டுமென்றாலும் வெட்டித் தருவேன். தாமதத்தை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா உங்களை மறக்கவில்லை. அவர் அனுப்பினவர்.

தங்கை